தீவுக் காடுகளில் ஒன்றாக நடப்பது

(மருத்துவமனை நலம் விரும்பிகளின் கூட்டத்தில் ஆற்றுப்பணி ஆயர் நிகழ்த்திய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் வார்டுகளைப் பற்றியும் கட்டட வேலையைப் பற்றியும் பேசுவோம். இம்முறை காட்டைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊழியர் சிலரும், பணி ஓய்வு பெற்றவர்கள் சிலரும், சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் சிலரும் பினாங்கிலுள்ள ஒரு நடைக்குழுவோடு சேர்ந்து மாதம் ஒருமுறை பகல் நடை போகிறோம் என்பது உங்கள் காதுக்கு எட்டிவிட்டது. "மலை ஏறுகிற வயதா இது?" என்று உங்களில் சிலர் எங்களிடம் நேரிலேயே கேட்டுவிட்டீர்கள். அந்தக் கேள்விக்கும் இன்று பதில் சொல்லிவிடலாம் என்று எண்ணுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க விரும்புகிறோம். நாங்கள் சிகரம் தொடப் போகிறவர்கள் அல்லர். கூடாரம் கிடையாது, கயிறு கிடையாது. காலை ஏழு மணிக்கு ஓரிடத்தில் கூடுவோம். நான்கைந்து மணி நேரம் நடப்போம். பிற்பகல் இடி மழைக்கு முன்னே கீழே வந்துவிடுவோம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பொட்டலம் நாசி லெமாக், மாற்றுச் சட்டை ஒன்று, இவ்வளவுதான் மூட்டை. காலில் பெரும்பாலும் 'காம்போங் அடிடாஸ்' என்று எல்லாரும் வேடிக்கையாகச் சொல்லும் அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்துதான். பால்மரம் வெட்டப் போனவர்கள் காலில் கிடந்த அதே சப்பாத்து. ஈர வேரிலும் பாசி பிடித்த கல்லிலும் விலை உயர்ந்த காலணி வழுக்குகிற இடத்தில் அது வழுக்குவதில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் தோழர் ஒருவர் அதைக் கட்டிக்கொண்டு, "அப்பா இதைப் போட்டுக்கிட்டு சம்பளத்துக்கு நடந்தாரு, நான் சும்மா நடக்கிறேன்" என்றார்.

இனி இந்தக் குழுவின் ஒழுங்குகளைச் சொல்லவேண்டும். மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் கழித்த எங்களுக்கே இவை புதிய பாடமாக இருந்தன.

புறப்படும் முன் தலை எண்ணுவார்கள். ஒவ்வொரு பிரிவழியிலும் நின்று மறுபடி எண்ணுவார்கள். முன்னால் வழி தெரிந்த ஒருவர். கடைசியில் அனுபவமுள்ள இன்னொருவர். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. மெதுவாக நடக்கிறவர்களை வழிகாட்டிக்கு அடுத்தபடியாக, முன்வரிசையிலேயே நிறுத்துவார்கள். தொடக்கத்தில் இது எங்களுக்கு விளங்கவில்லை. மெதுவாக வருகிறவர் கடைசியில் வருவதுதானே இயல்பு என்று எண்ணினோம். குழுவின் மூத்தவர் ஒருவர் விளக்கினார். வேகமானவர்கள் முன்னே போய் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். தளர்ந்தவர் மூச்சு வாங்க வந்து சேருவார். அவர் வந்ததும், "எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஆக, ஓய்வு தேவையில்லாதவருக்கு ஓய்வு கிடைக்கிறது, தேவைப்படுகிறவருக்குக் கிடைப்பதில்லை. அவர் வெட்கத்தினால் வாய் திறக்கவும் மாட்டார். அடுத்த ஏற்றத்தில் அவருக்குத்தான் மயக்கம் வரும்.

இரண்டாவது ஒழுங்கு, நோயை மறைக்கக் கூடாது என்பது. சர்க்கரை உள்ளவர், இருதயச் சிகிச்சை செய்துகொண்டவர், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறவர் யாராயினும் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது என்றும் காட்டிவிடவேண்டும். இதற்கு மருத்துவக் காரணம் உண்டு. நம் காடுகளில் காற்றின் ஈரம் மிகுதி. வியர்வை வழியும், ஆனால் காயாது. காயாத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உட்கொள்பவருக்கு நீரும் உப்பும் மற்றவரைவிட விரைவில் வற்றும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகிய அறிகுறிகள் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறவேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்பது காட்டிலே மிகவும் ஆபத்தான சொல்.

மூன்றாவது, எந்த இடத்திலும் திரும்பிவிட ஒருவருக்கு உரிமை உண்டு. ஆனால் தனியாகத் திரும்ப உரிமை இல்லை. அவரோடு ஒருவர் போயே ஆகவேண்டும். இதற்கு யாரும் முணுமுணுப்பதில்லை.

இப்போது நாங்கள் நடக்கும் இடங்களுக்கு வருவோம்.

பினாங்குத் தீவின் நடுவே எழுந்து நிற்கும் மலைத் தொடரின் உயர்ந்த முனை 833 மீட்டர். 1884-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவின் அருகிலிருந்து ஜீப் செல்லும் பாதையில் ஏறினால் சுமார் ஐந்து கிலோமீட்டரில் மேலே சேரலாம். தூரம் குறைவுதான், ஆனால் முழங்கால்களுக்கு நினைவிருக்கும் ஏற்றம். வழியிலே பந்தல் போட்டு, நாற்காலி வைத்து, ஏறி வருகிறவர்களுக்குத் தேநீர் வைத்திருக்கும் ஓய்விடங்கள் உண்டு. வயது முதிர்ந்த தொண்டர்கள் தங்கள் தோளில் தண்ணீரும் சீனியும் சுமந்து சென்று அவற்றை நடத்தி வருகிறார்கள். இந்த மலைக்காடு உள்ளிட்ட 12,481 ஹெக்டேர் நிலமும் கடலும் 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது வெறும் பெருமைக்குரிய செய்தி மட்டுமன்று. 2017 நவம்பர் மாதம் ஓர் இரவும் பகலும் பெய்த புயல் மழையில் மலைச் சரிவுகள் எத்தனை இடங்களில் இடிந்து விழுந்தன என்பதைப் பினாங்கு மக்கள் மறக்கவில்லை. வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதன் அருமை அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

தீவின் வடமேற்கு மூலையில் தெலோக் பாஹாங் அருகே 2003-இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே கெராச்சுட் கடற்கரைக்கு ஒரு காட்டு வழி போகிறது. கடற்கரையை ஒட்டி ஓர் ஏரி. மழை நாட்களில் மலையிலிருந்து இறங்கும் நல்ல தண்ணீர் மேலடுக்காகவும், கடலிலிருந்து புகுந்த உப்புத் தண்ணீர் கீழடுக்காகவும், ஒன்றோடொன்று கலவாமல் நிற்கும். வறண்ட மாதங்களில் ஏரியே இராது. முதல் முறை போன சிலர் வெறும் மணலைப் பார்த்துவிட்டு, "ஏரி எங்கே?" என்று கேட்டார்கள். அந்தக் கரையில் பச்சை ஆமைகளும் பங்குனி ஆமைகளும் முட்டையிட ஏறி வருகின்றன. சென்னைக் கடற்கரையிலும் முட்டையிடுகிற அதே பங்குனி ஆமைதான். குரங்குகளைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: கையில் நெகிழிப் பை தொங்கக் கூடாது. பையின் சரசரப்புக் கேட்டாலே சோற்றுப் பொட்டலம் என்று அவற்றுக்குத் தெரியும்.

இவ்விரண்டையும்விட எங்கள் மனத்தைப் பற்றிக்கொண்ட தீவு மூன்றாவது. அதைப் பற்றித்தான் இன்று சற்று விரிவாகச் சொல்ல வந்தோம்.

பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே, பாயான் லெப்பாஸ் கரைக்கு எதிரே, பச்சைக் குவியலாக ஒரு தீவு கிடக்கிறது. பெயர் ஜெரெஜாக். பாலத்தில் காரில் போகும்போது உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்; பெயர் கேட்டிருக்க மாட்டீர்கள். வாடகைப் படகில் ஏறினால் சில நிமிடங்களில் இறங்கிவிடலாம். இறங்கியதும் அலையாத்திச் செடிகள். அதற்குமேல் அடர்ந்த காடு. கடற்கழுகு வட்டமிடும், உடும்பு குறுக்கே ஓடும். சற்றுத் தூரம் நடந்தபின் காட்டுக்குள்ளே சுவர்கள் தெரியத் தொடங்கும். கூரை இல்லாத அறைகள், ஆலமரம் கவ்விப் பிடித்த கதவுநிலை, படிக்கட்டின் மேல் படிக்கட்டாக வேர்கள்.

1870-களில் அங்கே தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதே பத்தாண்டுகளில் கப்பலில் வந்திறங்கும் கூலி மக்களுக்கான தொற்றுத் தடை நிலையமும் அங்கே ஏற்பட்டது. பின்னாளில் காசநோயாளிகளின் மருத்துவ நிலையம். 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை. 2004-இல் விடுதி ஒன்று திறந்தார்கள். அதுவும் பிறகு மூடப்பட்டது. ஒரே தீவு. யாரையெல்லாம் ஊர் பார்க்க விரும்பவில்லையோ, அவர்களையெல்லாம் நூறாண்டுக்கும் மேலாக அந்தத் தீவில் கொண்டுபோய் விட்டது.

அங்கே நின்றபோது எங்களுக்குப் பினாங்கு மலை நினைவுக்கு வந்தது. அந்த மலையும் நோயாளிகளுக்காகப் பயன்பட்டதுதான். ஆங்கிலேய ஆட்சியின் தொடக்கக் காலத்திலேயே காய்ச்சலில் மெலிந்த அதிகாரிகளையும் வணிகர்களையும் குளிர்ந்த காற்றில் தேறிவரும்படி மேலே அனுப்பினார்கள். 1924 புத்தாண்டு நாளில் மலை இரயில் முறைப்படி திறக்கப்படும்வரை, அவர்கள் குதிரையிலும், கூலிகள் தோளில் சுமந்த நாற்காலிகளிலும் ஏறினார்கள். வசதியுள்ள நோயாளி தோளில் ஏறி மலைக்குப் போனார். வசதியற்ற நோயாளி படகில் ஏறி ஜெரெஜாக்குக்குப் போனார். முன்னவர் தேறி இறங்கி வருவார் என்று எதிர்பார்த்தார்கள். பின்னவரைப் பற்றி அப்படி யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு நாள் நடைகூட இல்லை.

அந்நாளைய அதிகாரிகளை எளிதாகக் குற்றம் சாட்டிவிட்டுப் போவது நியாயமாகாது. தொழுநோயின் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டது 1873-இல்தான். ஜெரெஜாக்குக்கு முதல் நோயாளிகள் போனபோது, இது பரம்பரையாக வருவதா, சாபமா, தொற்றா என்றே உலகத்துக்குத் தெரியாது. ஏற்ற மருந்து 1940-களில்தான் வந்தது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. இன்று நாம் அறிந்திருப்பது என்ன? மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. மருந்து தொடங்கியபின் நோயாளியால் பிறருக்குத் தொற்று பரவுவதில்லை. அப்படியானால் கடல் நடுவே பிரித்து வைத்த அந்த வாழ்க்கையில் பெரும்பகுதி மருத்துவத்துக்காக அல்ல, அச்சத்துக்காகவே கழிந்திருக்கிறது. மலாயாவில் 1930-இல் சுங்கை பூலோவில் பெரிய தொழுநோய்க் குடியிருப்பு தொடங்கப்பட்டது. அங்கே தோட்டமும் பள்ளியும் தொழிலும் இருந்தன. அது ஒரு முன்னேற்றந்தான். ஆனால் அங்கும் வேலி இருந்தது.

தொற்றுத் தடை நிலையத்தின் கதை நம்மவருக்கு இன்னும் நெருக்கமானது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி வந்தவர்கள் உங்களில் பலருடைய பாட்டன் பாட்டிமார். கப்பலில் அம்மையோ காலராவோ கண்டால், அவர்கள் முதலில் காலூன்றிய மலாயா மண் பினாங்கு நகரம் அல்ல, ஜெரெஜாக். எங்களோடு நடக்க வந்த ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் அந்தச் சுவர் அருகே வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். சற்று நேரம் கழித்து, "ஐயா, எங்க பாட்டி இந்த இடத்த பத்தி ஒண்ணுதான் சொல்லும். கப்பல்ல கூட வந்த தங்கச்சி இங்கேயே நின்னுட்டா அப்படின்னு. அதுக்கு மேல கேட்டா எழுந்து போயிரும்" என்றார். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. குழுவின் வழிகாட்டி சீனர். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டு, நடையை நிறுத்தி, எல்லாரையும் உட்காரச் சொன்னார். அன்று மீதி வழியைச் சுருக்கிக்கொண்டோம்.

அதே தீவில் ரஷ்யக் கடற்படை வீரர் இருவரின் கல்லறையும் உண்டு. 1914 அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்தில் 'ஜெம்சுக்' என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது எது தெரியுமா? 'எம்டன்'. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான், செப்டம்பர் 22 இரவு, அது சென்னை நகரின்மேல் குண்டு வீசியிருந்தது. கெட்டிக்காரப் பேர்வழியை "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோமே, அந்த எம்டன்தான். நாங்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதையில் நாகப்பட்டினமும் ரஷ்யாவும் சென்னையும் இப்படிச் சந்தித்துக்கொள்கின்றன.

இந்தத் தீவின் எதிர்காலத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 2010-களில் அங்கே வீடுகளும் கேளிக்கை இடங்களும் கட்டும் திட்டங்கள் பேசப்பட்டன. காடும் பழைய கட்டடங்களும் கல்லறைகளும் காக்கப்படவேண்டும் என்று பினாங்கு மக்கள் பலர் குரல் எழுப்பினார்கள். எங்கள் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறோம். அத்தீவு மக்கள் போகாத இடமாக மறுபடியும் மூடப்படக் கூடாது. அங்கே முன்பு வாழ்ந்தவர்களை மறைக்கிற அளவுக்கு மாற்றப்படவும் கூடாது. பத்துப் பதினைந்து பேர் படகில் போய், மெல்ல நடந்து, சுவரைத் தொட்டுப் பார்த்து, குப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வருவது ஓர் இடத்துக்கு நாம் செய்யக்கூடிய மரியாதைகளில் ஒன்று. யாரும் நடவாத பாதையைக் காடு இரண்டே மழைக்காலத்தில் மூடிவிடுகிறது.

இதையெல்லாம் மருத்துவமனை நலம் விரும்பிகளிடம் ஏன் சொல்கிறோம்? ஒதுக்கி வைப்பது தீவில் மட்டும் நடப்பதல்ல என்பதனால்தான். 2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது ஒவ்வொரு வீடும் ஒரு ஜெரெஜாக் ஆனதை நாம் அனைவரும் கண்டோம். அந்தக் கட்டுப்பாடு அன்று தேவையாக இருந்தது. ஆனால் அது நீங்கிய பிறகும் வெளியே வராதவர்கள் உண்டு. வார்டிலிருந்து வீடு திரும்பிய நோயாளிக்கு உடல் தேறிவிடும். கதவைத் தாண்டத்தான் துணிவு வராது. எங்கள் குழுவில் இருதய அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு லாரி ஓட்டுநர் இருக்கிறார். தையல் ஆறி, மருத்துவர் நடக்கலாம் என்று சொல்லி, எட்டு மாதமாகியும் அவர் வாசற்படியோடு நின்றுகொண்டிருந்தார். "தனியா போயி விழுந்துட்டா?" என்பதே அவருடைய கேள்வி. அவருக்கு மருந்தாக நாங்கள் கொடுத்தது அந்தக் குழுவின் ஒழுங்கைத்தான். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவே தலை எண்ணுகிறவர். முதல் நாள் பூங்காவைச் சுற்றி வந்தார். நான்காவது மாதம் மலைப் பாதையில் முதல் தேநீர்ப் பந்தல்வரை வந்தார். இன்றுவரை அதற்குமேல் ஏறவில்லை. ஏறவேண்டும் என்று யாரும் சொல்லவுமில்லை.

ஆற்றுப்பணியில் நாங்கள் கண்ட ஓர் உண்மையையும் இங்கே சொல்லவேண்டும். கட்டில் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டால், "நல்லா இருக்கேன் ஐயா" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பக்கத்தில் பக்கமாக நடக்கும்போது இருவர் கண்ணும் பாதையில் இருக்கிறது. முகம் பார்க்க வேண்டியதில்லை. மூச்சு வாங்குவதற்காகப் பேச்சை இடையில் நிறுத்தலாம். யாரும் தப்பாக எண்ணமாட்டார்கள். மகனோடு பேச்சில்லாததை, கடனை, மரண பயத்தைப் பலர் எங்களிடம் முதல் முறை சொன்னது ஏதோ ஓர் ஏற்றத்தின் பாதியில்தான்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலோ சபையிலோ உறவிலோ சிகிச்சை முடிந்தும் வீட்டைவிட்டு வெளியே வராத ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருடைய மருத்துவர் நடக்கலாம் என்று சொல்லியிருந்தால், போய் அழைத்து வாருங்கள். காட்டுக்குத்தான் வரவேண்டும் என்பதில்லை. கடைத்தெரு வரைக்கும் போதும். அவரை முன்னால் விட்டு, அவர் வேகத்தில் நடங்கள். காட்டுக்கே வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெயரும், உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலும் கொடுங்கள். ரப்பர் சப்பாத்து ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள், விலை சொற்பந்தான். காலை ஏழு மணி என்றால் ஏழு மணி. மழை வந்தால் அன்றைக்கு நடை இல்லை.